பெர்சீட் பொழிவில் இரண்டு மணி நேரத்தில் மூன்றே எரிமீன்கள்: ஏன்?

ஆகஸ்ட்டில் வரும் பெர்சீட் எரிமீன் பொழிவை ஆகஸ்ட் 12 இரவு எட்டு முதல் பத்து வரை பார்த்தும் மூன்றுதான் தெரிந்தன என்கிறீர்கள். நீங்கள் பார்த்த நேரம்தான் சிக்கல். அப்போது, இந்த எரிமீன்கள் புறப்படுவதுபோல் தோன்றும் பெர்சியஸ் விண்மீன் கூட்டம் அடிவானத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கிடக்கும். நள்ளிரவுக்குப் பின், பூமி ஓடும் திசையில் அதன் முன்புறத்துக்கு வந்துவிடுகிறோம். எரிமீன்களாகத் தெரியும் வால்மீன் தூசு நேரே மோதும். அதிகாலை இரண்டு மணி முதல் விடியலுக்குள் பாருங்கள்.

"மணிக்கு 100 எரிமீன்கள்" என்பது அவை புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி தலைக்கு நேர் உச்சியில் இருந்து, வானமும் கும்மிருட்டாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. செய்தித்தாள்கள் இதை மட்டும் சொல்வதில்லை!

சோதனை: கைப்பேசியைத் தொடாமல் இருபது நிமிடம் இருட்டில் இருந்துவிட்டு, கார்த்திகை மீன்களை எண்ணுங்கள். ஆறு தெரிந்தால் வானம் பரவாயில்லை. வெறும் மங்கல் திட்டு என்றால் இடத்தை மாற்றுங்கள்.

நிலா பெரிதாக இருந்தால் மங்கலானவை எப்படியும் தெரியாது.