திக்குவாய்க்கு ஸ்பீச் தெரபி தொடங்கும் முன் இவ்வளவு டெஸ்ட் தேவையா? காசு பிடுங்கத்தானே?

தம்பிக்காகவோ மகனுக்காகவோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஃபீஸ் கட்டியாயிற்று, ஆனால் பயிற்சி தொடங்காமல் பேசு, வாசி, ஃபாரம் நிரப்பு என்று இழுத்தடிக்கிறார்கள். அந்த எரிச்சல்தானே? ஆனாலும் டெஸ்ட் தேவை. நாற்பது வயதாகியும் திக்குகிற ஆள் சொல்கிறேன். நான் தெரபிஸ்ட் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்கவும் இல்லை.

நான் முதலில் போன இடத்தில் டெஸ்டே கிடையாது. ஊர், வேலை என்று கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தார்கள். "லேசாத்தான் இருக்கு, மூச்சை இழுத்து விட்டுப் பேசுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திக்கல் அவர்கள் காதில் விழவில்லை, நான் விழ விட்டால்தானே! எனக்கு 'க' வராது, 'ச' வரும். மதுரையில் கோரிப்பாளையத்தில் இறங்க வேண்டியவன், வருஷக்கணக்கில் சிம்மக்கல்லுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கண்டக்டருக்கே தெரியாதது, பத்து நிமிஷம் பேசியவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த இடத்தில்தான் ஒழுங்காகப் பார்த்தார்கள். பேச விட்டு வீடியோ எடுத்தார்கள். பிறகு ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அச்சில் இருப்பதை மாற்றிச் சொல்ல முடியாதே, வசமாக மாட்டினேன். நூறு அசைக்கு எத்தனை திக்கல், இருப்பதிலேயே நீளமான மூன்று அடைப்புகள் (சொல் வெளியே வராமல் நின்றுவிடுவது) எத்தனை நொடி, அப்போது முகமும் கைகாலும் என்ன செய்கின்றன, எல்லாவற்றுக்கும் கணக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது காலால் தரையை அழுத்துவேன் என்பதே வீடியோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு கடைக்குப் போன் போட்டு மிக்ஸி ஜார் விலை கேட்கச் சொன்னார்கள். வாயைத் திறந்தபடி நின்றேன், அந்தப் பக்கம் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அப்புறம் எங்கெங்கே பேசாமல் நழுவுவேன் என்று ஒரு கேள்வித்தாள். என் பயிற்சி மூச்சில் தொடங்கவில்லை, போனில் தொடங்கியது.

"எண்ணிப் பார்த்தால் போதாதா?" என்று யாராவது வருவார்கள். திக்கல் நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் மாறும் ஐயா. நாலு பேரோடு சேர்ந்து பாடினால் எனக்குத் திக்கவே திக்காது. ஒரு தடவை எண்ணியதை வைத்து என்ன முடிவு செய்ய?

சின்னப் பிள்ளை என்றால் கதையே வேறு. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குவது பெரும்பாலும் தானாகவே போய்விடும். குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு, தொடங்கி எத்தனை மாதம் என்று துருவிக் கேட்பது, காத்திருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யத்தான். அதற்காக நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், காட்டிவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று, அங்கே தம்பியிடமோ மகனிடமோ பெயர் கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். என் அப்பா அப்படித்தான் என் பெயரைச் சொன்னார், அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

இவ்வளவும் தாண்டி இப்போது நானே போன் செய்து பேசுகிறேன். ஆனால் எந்த கஸ்டமர் கேருக்குப் போட்டாலும் "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்கிறது ஒரு மிஷின். நான் அடைப்பில் நிற்கும்போதே "எதுவும் கேட்கவில்லை" என்று லைனை வெட்டிவிடுகிறது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நன்றாகத்தானே இருந்தது, அதை எந்தப் புண்ணியவான் எடுக்கச் சொன்னான்?