அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பவுடரும் மாத்திரையும்: டயட்டீஷியன் பதில்கள்

முதியோர் பிரிவில் வேலை பார்க்கும் டயட்டீஷியன் நான். டாக்டர் இல்லை. அதனால் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

சுந்தரம், 71, திருச்சி: மகன் அமெரிக்காவிலிருந்து வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) டப்பா கொண்டுவந்தான். ஆறு மாதமாகத் தினமும் பாலில் கலந்து குடிக்கிறேன். மாடிப்படி ஏறத் தொடையில் பலமே இல்லை. பவுடர் போலியா?

நல்ல பவுடராகவே இருக்கலாம் ஐயா. குடித்துவிட்டு என்ன செய்கிறீர்கள்? கேள்வியில் உடற்பயிற்சி என்ற பேச்சே இல்லையே! 1994இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்து ஆய்வு வெளிவந்தது. நூறு பேர், சராசரி வயது 87. சிலருக்கு எடை வைத்துக் கால் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லை. பத்தே வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்கைத் தாண்டியது. வெறும் பானம் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். முடிந்த அளவில் தொடங்கி, பத்துப் பத்தாக மூன்று சுற்று வரை கொண்டுபோங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். படி ஏறும்போது மூச்சும் வாங்கினால், அதற்கு முன் ஹீமோகுளோபினையும் இதயத்தையும் பார்த்துவிடுங்கள்.

விஜயா, 66, கும்பகோணம்: நாங்கள் சுத்த சைவம். பவுடர் இல்லாமல் புரதம் சேருமா?

சேரும். இந்த வயதில் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14, நூறு கிராம் பனீரில் 18, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. நாம் ஏமாறும் இடம் சாம்பார். அதைப் பருப்பு என்று நம்பி ஊற்றிக்கொள்கிறோம், பாதிக்கு மேல் தண்ணீர். காலையில் இரண்டு இட்லி, ராத்திரி இரண்டு இட்லி என்றால் கணக்கு எப்படி வரும்? மூன்று வேளையும் புரதம் கொஞ்சம் இருக்கட்டும். பல் போனவர்களுக்கும் பசி செத்தவர்களுக்கும் பவுடர் உதவும், மறுக்கவில்லை. கிட்னி கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

பெங்களூரிலிருந்து ஒரு மகன்: 68 வயது அப்பாவுக்குத் தசை பலத்துக்கான கிரியாட்டின் பவுடர் கொடுக்கலாமா? அது ஜிம் பையன்கள் சாமான்தானே?

எடைப் பயிற்சி செய்பவர் என்றால் கொடுக்கலாம் தம்பி. கிரியாட்டின் மோனோஹைட்ரேட் என்ற வகை, நாளுக்கு 3 முதல் 5 கிராம். பயிற்சியால் வரும் பலத்தோடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். கிட்னி நோய் இருந்தால் வேண்டாம். இதைச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (கிட்னி நிலையை அறியப் பார்க்கும் அளவு) சற்றுக் கூடுதலாகக் காட்டும். டாக்டரிடம் முன்பே சொல்லாவிட்டால் கிட்னி போய்விட்டதோ என்று வீடே கலங்கும்.

மீனாட்சி, மதுரை: என் வீட்டுக்காரருக்கு 73. கேட்டதையே கேட்கிறார். 12 வருஷமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின், கேஸுக்கு ஒரு மாத்திரை, இதயத்துக்கு ஆஸ்பிரின். மருந்துக் கடையில் ஞாபக சக்திக்கு ஜிங்கோ என்ற மர இலைச் சாற்றுக் கேப்சூல் கொடுத்தார்கள். நல்லதா?

கேப்சூலை எடுத்து வையுங்கள் அம்மா. முதலில் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை, கூடவே தைராய்டு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், கேஸ் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். பி12 குறைந்தால் மறதி வரும், பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். ஊசி போட்டதும் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தெளியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். பரிசோதனை சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால் நரம்பியல் டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

ஜிங்கோவை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் சோதித்தார்கள். தினம் இரு வேளை 120 மில்லிகிராம், சுமார் ஆறு வருஷம். 2008இல் முடிவு வந்தது: மறதி நோயைத் தடுக்கவில்லை. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு பயம் வேறு.

வல்லாரையும் பிரம்மியும் ஒன்றா?

வேறு வேறு செடி, பெயரில்தான் குழப்பம். ஞாபக சக்தி ஆய்வுகள் பெரும்பாலும் பிரம்மியில், அதாவது நீர்ப்பிரம்மியில் நடந்தவை. மூன்று மாதம் போலச் சாப்பிட்டதில் சிறு பலன் தெரிந்தது. வல்லாரைத் துவையலைக் கீரை என்று நினைத்துச் சாப்பிடுங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, இரண்டு வருஷமாக. தொடரலாமா?

யார் தொடரச் சொன்னது? அது வழக்கமாகச் சில வாரக் கணக்குக்கு எழுதித் தருவது. இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, ரத்தத்தில் டி அளவையும் கால்சியம் அளவையும் பரிசோதியுங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கிட்னிக்கும் கேடு.

தைராய்டு மாத்திரையும் கால்சியமும் காலையில் சேர்த்தே போடுகிறேன், பிறகு காபி. சரியா?

கால்சியம் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. நடுவில் நாலு மணி நேரம் வேண்டும், கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபிக்கு அரை மணியாவது பொறுக்க வேண்டும். கஷ்டம்தான், நானும் காபிக்காரிதான்.