கச்சான் காற்று ஏன் சுடுகிறது?
(வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்)

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் என் தங்கை, ஜூன் மாதத்தில் உடுப்பே காயவில்லை என்று அழுகிறாள். இங்கே எங்களுக்குக் கச்சான் காற்றில் உதடு வெடிக்கிறது. நேர்கோட்டில் 150 கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரே மாதத்தில் இது எப்படி?
(வாசகி, வாழைச்சேனை)

பதில்: உங்கள் தங்கையின் பாடு எனக்குத் தெரியும். நான் பிறந்தது வட்டவளைப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். ஜூன், ஜூலையில் பள்ளிச் சட்டையை அம்மா அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப்போடுவார். அரை ஈரமும் முழுப் புகை நாற்றமுமாக அதைப் போட்டுக்கொண்டு போவோம். பிறகு புவியியல் ஆசிரியராகி, உங்கள் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குப் போய் இறங்கியதும் ஒரு ஜூன் மாதம்தான். பழக்கதோஷத்தில் முதல் நாள் குடையோடு வகுப்புக்குள் நுழைந்தேன். "சேர், மழை வருமா?" என்று ஒரு பையன் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. அன்று தோய்த்துப் போட்ட சேட்டு, அரை மணித்தியாலத்தில் அப்பளமாக விறைத்துவிட்டது.

தங்கையை நனைக்கிற காற்றும் உங்களைச் சுடுகிற காற்றும் ஒன்றுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வருகிறது. நம் தீவு 65,610 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் நடுவிலிருந்து தெற்காக ஒரு மலைத்திரள், பீதுருதாலகாலவில் 2,524 மீட்டர் வரை எழும்பி நிற்கிறது. அதில் மோதுகிற காற்று மேலே ஏறியாக வேண்டும். ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது அதனால்தான்.

சரி, ஈரம் போனால் காற்று காய்ந்துதானே போகும், சூடு எங்கிருந்து வந்தது? பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நீராவி மழைத்துளியாகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று 1,000 மீட்டருக்கு 5 அல்லது 6 பாகை செல்சியஸ்தான் குளிர்கிறது. மறுபக்கம் வெறும் காற்றாக இறங்கும்போதோ, அமுக்கம் கூடக் கூட 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது சேர்த்தது அதிகம். அந்த மிச்சம்தான் உங்கள் உதட்டை வெடிக்க வைக்கிறது. (தமிழகத்து வாசகர்கள் குழம்ப வேண்டாம். கச்சான் என்றால் இங்கே நிலக்கடலையும்தான். ஆனால் இது மேற்கிலிருந்து வரும் காற்றின் பெயர்.)

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதங்களில் பதுளை ரயிலில் ஏறுங்கள். நானுஓயா தாண்டிப் பட்டிப்பொல வரை ஜன்னலில் மூடுபனியும் தூறலும்தான். அப்புறம் ஒரு சுரங்கப்பாதை. பல நாட்களில் அதன் மறுவாய் ஒஹிய பக்கம் திறக்கும்போது வெயில் அடிக்கும். சிறுவனாக முதல்முறை அதைப் பார்த்தபோது, சுரங்கத்துக்குள் தூங்கிவிட்டேன், அதற்குள் பகல் பாதி போய்விட்டது என்றே நினைத்தேன்.

கேள்வி: மன்னார் மேற்குக் கரையில்தானே இருக்கிறது? தென்மேற்குக் காற்று எங்கள் முகத்தில் அறைகிறது, மழையை மட்டும் காணோம். மார்கழியில் வெள்ளம் வந்தாலும் எங்களை உலர் வலயம் என்கிறீர்கள்!
(வாசகர், மன்னார்)

பதில்: கோபம் நியாயமானதுதான். காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அதை மேலே தூக்கிவிட ஏதாவது வேண்டும். மன்னார் தட்டையான தரை. காற்று ஒரு தடையும் இல்லாமல் தரையோடு ஓடிப் போய்விடுகிறது. காற்றாலைக்கு நல்ல இடம், மேகத்துக்கு அல்ல.

உங்களுக்கு மழை வருவது ஒக்டோபருக்குப் பிறகுதான். இடைப்பருவ இடிமழை, வங்காள விரிகுடாத் தாழமுக்கங்கள், பிறகு வடகீழ்ப் பருவக்காற்று. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவில் பெய்வதில் பெரும்பகுதி ஒருசில மாதங்களுக்குள் முடிந்துவிடும். ஆண்டு மழை 1,750 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புத்தகத்தில் அது உலர் வலயம். அந்தப் பெயர் எனக்கும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை, பாலைவனம் மாதிரி ஒலிக்கிறது. உலர்ந்திருப்பது இடமல்ல, மாதங்கள். உங்கள் ஊர்க் கட்டுக்கரைக்குளத்தை வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வெள்ளத்தைப் பிடித்து வைத்து வெயிலில் செலவழிக்கத்தான் அந்தக் குளம்.

கேள்வி: ஒரே தீவின் மலைத் தேயிலைக்கு ஊவா, டிம்புள்ள என்று இரண்டு பெயர், இரண்டு சீசன் எதற்கு?
(வாசகர், சென்னை)

பதில்: அதே மலையின் இரண்டு முதுகுகள். தென்மேற்குக் காற்று மேற்கை நனைக்கும்போது கிழக்கே ஊவாவில் வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே கொழுந்து மெதுவாகத்தான் வரும், ஆனால் வாசனை இறுகும். கொழும்பு ஏலத்தில் ஊவாவுக்கு மவுசு அப்போதுதான். வடகீழ்க் காற்றுக் காலத்தில் முறை மாறி, ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் வறட்சி, டிம்புள்ளவின் நல்ல தேயிலை அந்த மாதங்களில்.

எது சிறந்தது என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள். வட்டவளைக்காரனிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. ஊவாப் பக்கத்துப் பண்டாரவளையில் எனக்குச் சம்பந்திகள் வேறு இருக்கிறார்கள்.