காபன் பணமும் காணி உறுதியும்

கேள்வி: வெப்பமண்டல நாடுகளில் காட்டை வெட்டாமல் காக்கும் கிராமத்தவருக்கு, அந்த மரங்களில் தங்கும் காபனுக்கு விலையாக, பணக்கார நாடுகள் காபன் பணம் கொடுக்கின்றன. காடும் தங்கும், வறுமையும் தீரும். அப்படியிருக்க, கடந்த இதழில் நீங்கள் ஏன் இதை அரைமனதோடு வரவேற்றீர்கள்?
– வாசகர் ஒருவர், ஈச்சிலம்பற்று

பதில்: 'கிராமத்தவர்' என்ற ஒரே சொல்லுக்குள் காணி உள்ளவரையும் இல்லாதவரையும் சேர்த்து அடக்கிவிட்டீர்கள். என் தயக்கம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. காபன் பணம் காட்டில் பிழைப்பவரைத் தேடி வருவதில்லை. அந்தக் காட்டுக்கு உரிமை காட்டும் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரைத் தேடியே வருகிறது.

பணம் கொடுத்தால் மரம் தங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மேற்கு உகண்டாவில் 121 கிராமங்களை ஆய்வுக்கு எடுத்து, குலுக்கல் முறையில் தெரிவுசெய்த 60 கிராமங்களில், காட்டை அழிக்காத உரிமையாளருக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 70,000 உகண்டா ஷில்லிங் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 28 அமெரிக்க டொலர். 2017இல் வெளியான முடிவின்படி, பணம் கிடைக்காத கிராமங்களில் மரப்பரப்பு 9.1 சதவீதம் குறைந்திருக்க, கிடைத்த கிராமங்களில் 4.2 சதவீதம் மட்டுமே குறைந்திருந்தது. காட்டுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பணத்துக்குத் தகுதி பெற்றவர்கள் சொந்தமாகக் காடு வைத்திருந்தவர்களே. காடில்லாத ஏழைக்கு அதில் பங்கு எழுதப்படவில்லை. தகுதி பெற்ற உரிமையாளரிலும் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே சேர்ந்தார்கள்.

கொஸ்தாரிக்கா 1996இல் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியின் ஒரு பகுதியை ஒதுக்கி, 1997 முதல் காட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்து வருகிறது. அங்கும் நிலத்தின் பரப்பை அளந்தே கொடுப்பனவு என்பதால், பரந்த காணி உள்ளவருக்குப் பெருந்தொகையும் சிறு துண்டு உள்ளவருக்குச் சிறு தொகையுமாகப் பிரிந்தது. மெக்சிக்கோவில் காட்டின் பெரும்பகுதி ஊர்ச் சமூகங்களின் கூட்டுரிமையில் இருப்பதால், 2003இல் தொடங்கிய திட்டத்தின் பணம் பல இடங்களில் ஊரின் பொதுச்சபைக்குப் போகிறது. பங்கிடுவதையும் சபையே கூடிப் பேசுகிறது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான். ஆனால் அதற்கு அடிப்படையான கூட்டுரிமை, நிலச் சீர்திருத்தத்தின் வழியாக, காபன் என்ற பேச்சே எழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த மக்களுக்குக் கிடைத்திருந்தது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். பாலைப்பழக் காலத்தில் வீதியோரம் சாக்கை விரித்து, பேணியால் அளந்து பழம் விற்கும் பெண்ணை நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். விடியுமுன் காட்டுக்குள் போய், முள்ளில் கீறுண்ட கையோடு, பிசுக்கு ஒட்டிய விரல்களோடு வந்து உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டு அடுப்புக்குச் சுள்ளியும் அதே காட்டிலிருந்துதான் வருகிறது. அந்தக் காட்டுக்கு அவரிடம் உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. போரில் இடம்பெயர்ந்து மீண்டவர்களில், தாம் விதைத்த மண் காட்டு எல்லைக்கல்லுக்கு உள்ளே அகப்பட்டிருக்கக் கண்டவர்களும் நம்மிடையே உண்டு. இப்படிப்பட்ட காட்டில் நாளை ஒருவர் வந்து, நெஞ்சளவு உயரத்தில், அதாவது 1.3 மீற்றரில், மரத்தைச் சுற்றி நாடா பிடித்து, அதில் தங்கிய காபனைக் கணக்கிட்டு, ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஓர் அலகு என்று விற்றால், அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டில் ஏறும்? ஏறாது என்பது மட்டுமல்ல. 'இனி உள்ளே வராதே' என்ற கட்டளை முதலில் போவது அவருக்குத்தான். நேற்றுவரை பெறுமதி இல்லாமல் கிடந்த காட்டுக்கு விலை ஏறியதும், அதன்மேல் உரிமை கோருபவரின் பிடியும் இறுகும்.

இதை உலகம் அறியாமலும் இல்லை. 2010இல் மெக்சிக்கோவின் கன்கூன் நகரில் ஐ.நா. காலநிலை மாநாட்டில் கூடிய நாடுகள், காட்டுக்கான காபன் திட்டங்களில் பழங்குடியினதும் உள்ளூர்ச் சமூகங்களினதும் உரிமையை மதிக்கவேண்டும், அவர்கள் முழுமையாகப் பங்குபற்றவேண்டும் என்று எழுதி வைத்தன. வெருகல், மூதூர்க் கரையோர வேடர் சமூகத்துக்கும் அது பொருந்தும். ஆனால் எங்கோ எழுதிய வாசகம் இங்கே தானாக நடந்துவிடாது, கேட்டுப் பெறவேண்டியது.

ஆகவே உங்கள் ஊருக்கு இப்படியொரு திட்டம் வந்தால், எத்தனை டொலர் என்பதைப் பிறகு கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அதுவரை விறகும் தேனும் பழமும் எடுக்கலாமா, எடுக்கக்கூடாதென்றால் காணியில்லாத குடும்பத்துக்கு மாதம் என்ன கிடைக்கும், மரம் தீப்பிடித்தோ புயலில் விழுந்தோ போனால் நட்டம் யார் தலையில் என்பவற்றை முதலில் கேளுங்கள். விடைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் தமிழில் எழுதுவித்து, ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.