அழாதே என்று சொல்கிறவரை நம்பாதே, தம்பி

தம்பி, இங்கே குவைத்தில் மங்காஃபிலிருந்து நீ அனுப்பிய செய்தியை நேற்று ராத்திரி டியூட்டி முடிந்து வந்துதான் பார்த்தேன். மூன்று கேள்வி கேட்டிருந்தாய். ஊருக்குப் பணம் அனுப்ப எந்த எக்ஸ்சேஞ்ச் நல்லது, வேறு கம்பெனிக்கு மாற முடியுமா, அப்புறம் கடைசியில் கொசுறு மாதிரி இது: "அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அக்காமா (தங்கும் அனுமதி) அடிக்காததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அழுதால் அவிசுவாசம் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். எனக்கு ஜெபமே வரவில்லை, அண்ணாச்சி. அப்பாவை மறுபடி பார்ப்பேனா?"

முதல் இரண்டையும் விட்டுவிடு. ரேட் விஷயத்தை உன் ரூம் பையன்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். விசா மாற்றம் உங்கள் கம்பெனியின் பேப்பர் வேலை பார்க்கும் மந்தூப்பிடம் கேட்க வேண்டியது. விதி அடிக்கடி மாறும், நான் சொல்லி நீ மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அந்த ஜெபக்குழுவில் அப்படிச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதிரி ஆளை நான் வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். கட்டிடத்துக்கு ஒருவர் இருப்பார். ஊரில் கோயில் பக்கம் ஒதுங்கியிருக்க மாட்டார், கடலைத் தாண்டியதும் தீர்க்கதரிசி ஆகிவிடுவார். இன்றைக்கு அழாதே என்பார். நாளைக்கு, நீ உபவாசம் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்பார். அதற்கு அடுத்த வாரம் காணிக்கைக் கவர் வரும். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திறங்குவார்கள், எண்ணெய்ப் பாட்டிலோடு. "இந்த வருஷம் உனக்குக் கனடா" என்று எனக்கு ஒருவர் தலையில் கை வைத்துச் சொன்னார். 20 தினார் கொடுத்தேன். நான் இன்னும் இதே குவைத்தில், ஃபஹாஹீலில்தான் இருக்கிறேன்.

நம் ஆட்களின் சாட்சி நேரத்தைக் கவனித்துப் பார். புது கார், சம்பள உயர்வு, பிள்ளைக்கு மெடிக்கல் சீட். அப்பா இறந்துவிட்டார், போக முடியவில்லை, ஆனாலும் ஆண்டவரை விடவில்லை என்று ஒருவர் எழுந்து சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைச் சொன்னால் கைதட்டு விழாது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

வேதத்தில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை நீயே எடுத்துப் படி. நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார். துக்கிக்கவே கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. இறந்துபோன லாசருவைக் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் ஆண்டவரே கண்ணீர் விட்டார். உன் ஜெபக்குழுக்காரர் அங்கே நின்றிருந்தால் அவரையும் கண்டித்திருப்பார்.

நான் வந்தது 1998 ஆகஸ்ட். விமானத்தை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த காற்றை, எஞ்சின் சூடு என்று நினைத்தேன். அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால் அம்மா போய்விட்டாள். தகவல் ஆபீஸ் போனுக்கு வந்தது. பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. இரண்டு வருஷ அக்ரிமென்ட் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானமும் வேலைக்குப் போனேன். போகாமல் எங்கே போவது?

இரண்டு மாதம் கழித்து, லீவு முடிந்து வந்த ஒருவர் கையில் அடக்கத்தின் வீடியோ கேசட்டைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அப்போது நம் பக்கம் கல்யாணம் மாதிரி அடக்கத்தையும் வீடியோ எடுப்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகவே. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு ரூமில்தான் டெக் இருந்தது. எட்டுப் பேர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். சாவு மணி, பெட்டி, கூட்டம், யாரோ ஒரு பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், மண்ணை அள்ளிப் போட்டு, நிச்சயமான நம்பிக்கையோடு என்ற இடத்துக்கு வந்தபோது, எங்களோடு இருந்த, நம் பக்கத்து நாசரேத் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று சத்தமாக ஆமென் என்றார். டேப்புக்கு ஆமென் சொல்கிறாரே என்று ஒரு பையன் சிரித்துவிட்டான். "அங்க நிக்கத்தான் முடியல. இங்கயாவது சொல்ல வேண்டாமாடே?" என்றார். நான் அதற்கு முன்பு அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.

அந்தப் பெரியவர் பிளம்பர். அவர் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். லீவு முடிந்து வந்த முதல் வாரமே அடுத்த லீவுக்குப் பெட்டி வைத்துவிடுவார். மாசம் ஒரு சோப்பு, ஒரு கோடாலித் தைலம், ஒரு நீடோ டின் என்று சேரும். மார்க்கரில் பெயரும் ஊரும் முதலிலேயே எழுதியாகிவிடும். இரண்டு வருஷம் கிடக்கிறதே என்று கேலி செய்வோம். அவர் கண்டுகொள்ள மாட்டார். 50 டிகிரி வெயிலில் குழிக்குள் இறங்கி வேலை செய்துவிட்டு வந்து, பெட்டியை இழுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பரலோக நம்பிக்கை என்று யாராவது பிரசங்கம் பண்ணினால் எனக்கு மேகம் ஞாபகம் வராது, அந்தப் பெட்டிதான் வரும்.

நம் ஊரில் பரதேசி என்றால் வசவு. எங்கள் அம்மா கோபம் வந்தால் முதலில் அதைத்தான் சொல்வாள். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தைத் திற. ஆபிரகாம் வகையறாக்கள் தங்களை அந்நியரும் பரதேசிகளும் என்று தாங்களே அறிக்கையிட்டார்கள் என்று இருக்கும். கொஞ்சம் தள்ளி, அவர்கள் பரமதேசத்தை விரும்பினார்கள் என்று வரும். பரதேசத்துக்கும் பரமதேசத்துக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்து. இத்தனை வருஷத்தில் அரபி கற்றுக்கொண்டேன், லைசென்ஸ் எடுத்தேன், குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனாலும் அக்காமா முடிந்தால் நான் யாரோ. அது தெரிந்தவனுக்கு அந்த அதிகாரம் சீக்கிரம் புரியும். எங்கள் சொந்த ஊரான முதலூரே அப்படி உண்டான ஊர்தான். விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக, 1799இல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் உருவாக்கியது.

சரி, அப்பாவைப் பார்ப்பாயா? பார்ப்பாய் என்று நான் விசுவாசிக்கிறேன். எந்த வயதில், எப்படி என்றெல்லாம் தெரியாது. தெரியும் என்று படம் வரைகிறவர்களிடமிருந்து தள்ளி நில். ஆனால் விசுவாசப்பிரமாணத்தில் நாம் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்வது ஆவி மிதக்கும் என்று அல்ல, சரீரம் உயிர்த்தெழும் என்று. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கையில் ஆணித் தழும்பு இருந்தது. உன் அப்பா பனையேறி என்று சொன்னாய். மரத்தில் உரசி உரசி அவர் மார்பில் காய்த்துப்போன இடம் உனக்கு நன்றாகத் தெரியும். அதையும் தேவன் மறக்க மாட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜெபம் வரவில்லை என்றால் விடு. ஜெபிக்கிறவர்கள் நடுவில் போய் உட்கார். குவைத் சிட்டியில் இருக்கும் நேஷனல் இவாஞ்சலிக்கல் சர்ச்சுக்கு என்னோடு வா. அமெரிக்க மிஷனரிகள் ஆரம்பித்தது, 1931இல் கோயில் கட்டினார்கள். வளாகத்தில் ஹால் ஹாலாக மலையாளம், தெலுங்கு, தமிழ், அரபி எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு லீவு கிடைப்பதே அபூர்வம், அவர்கள் பாடுவதைக் கேள். அங்கே 1999இல் குவைத் குடிமகன் ஒருவரே போதகரானார், இம்மானுவேல் கரீப். கரீப் என்றால் அரபியில் அந்நியன். சொந்த நாட்டிலேயே அந்தப் பெயர்!

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் கம்பெனி பஸ்ஸில் சுவிசேஷக் கைப்பிரதி நீட்டிவிடாதே. கூடி ஆராதிக்க நமக்கு இடம் இருக்கிறது, ஆனால் முஸ்லிம்களிடம் மதம் பரப்புவது இங்கே குற்றம். உன்னோடு ரூமில் இருப்பவர்களுக்கும் தொல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு உன் கேம்ப் வாசலில் வண்டியோடு நிற்கிறேன். சாப்பிடாமல் வா. ஊரிலிருந்து மஸ்கோத்து அல்வா வந்திருக்கிறது, வண்டியில் வைத்திருப்பேன். அப்பாவின் போட்டோ இருந்தால் எடுத்து வா, நான் அவரைப் பார்த்ததே இல்லை.