மெஷர், எஸ்டிமேட், அசெஸ், இவாலுவேட், அப்ரைஸ்: எதை எங்கே போடுவது?

கேள்வி இது: இந்த ஐந்து ஆங்கில வினைச்சொற்களுக்கும் அகராதியில் 'அளவிடு', 'மதிப்பிடு' என்ற இரண்டே பொருள்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

அகராதியின் மேல் குற்றமில்லை. 'மதிப்பிடு' தமிழில் அகலமான சொல். விடைத்தாள், வீட்டு விலை, வெள்ளச் சேதம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆகவே தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். கருவி காட்டிய எண்ணா, கருவி இல்லாமல் சொன்ன எண்ணா, நிலைமையைப் பற்றிய ஒரு கணிப்பா, ரூபாய் மதிப்பா? வினைச்சொல் அதிலிருந்தே வந்துவிடும்.

வங்கி நகைக்கடன் மேசையில் இவை ஏறக்குறைய எல்லாமே நடக்கின்றன. கல் பதித்த ஓர் ஆரத்தைக் கொடுக்கிறோம். தராசில் வைத்தால் 24 கிராம்; கருவி காட்டிய எண், அதனால் மெஷர். எடைக்கு மட்டும் வெய். உரைகல்லில் உரசி, அமிலம் விட்டு, 22 காரட்தானா என்று பார்ப்பது டெஸ்ட். கல்லும் அரக்கும் 2 கிராம் இருக்கும் என்று நகையைப் பார்ப்பவர் கழிக்கிறார். கல்லைப் பெயர்த்து நிறுக்கவில்லை, பழகிய கண்ணால் சொல்கிறார். அதனால் இது எஸ்டிமேட். மீதி 22 கிராமை வங்கி எடுத்துக்கொள்ளும் கிராம் விலையால் பெருக்குவது கால்குலேட். இத்தனையும் சேர்ந்து 'இந்த நகைக்கு இவ்வளவு' என்று தேர்ந்தவர் ஒருவர் விலை சொல்வதே அப்ரைஸ். அவருடைய பதவிப் பெயர் அப்ரைசர் என்றிருப்பது இதனால்தான். வீட்டுக் கடன் மேசைக்குப் போனால், வாங்குபவரால் தவணை கட்ட முடியுமா என்று வருமானத்தையும் பழைய கடன்களையும் பார்ப்பார்கள். அது அசெஸ். ஒரு வருடம் கழித்து, அந்தக் கடன் திட்டம் நினைத்த பலனைத் தந்ததா என்று இலக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இவாலுவேட்.

அசெஸும் இவாலுவேட்டும்தான் அதிகம் குழப்புபவை. 'இப்போது நிலைமை என்ன, எவ்வளவு?' என்பது அசெஸ்: அசெஸ் த டேமேஜ், அசெஸ் த ரிஸ்க். 'இது நல்லதா, பயன்பட்டதா?' என்று அளவுகோல் வைத்துத் தீர்ப்புச் சொல்வது இவாலுவேட். டாக்டர் நோயாளியின் நிலையை அசெஸ் செய்கிறார். புது மருந்து பலன் தருகிறதா என்பதை ஆய்வாளர்கள் இவாலுவேட் செய்கிறார்கள். சில இடங்களில் இரண்டும் பொருந்தும், அங்கே தயங்க வேண்டாம். அசெஸின் லத்தீன் வேருக்கு 'பக்கத்தில் உட்கார்' என்று பொருள். நீதிபதியின் அருகே அமர்ந்து உதவியவரிடமிருந்து அது வரி நிர்ணயத்துக்கு வந்தது. சொத்துவரி ரசீதில் உள்ள அசெஸ்மென்ட் நம்பர் அந்தப் பழைய பொருளில்தான் இன்னும் நிற்கிறது. கணக்குப் புத்தகத்தில் இவாலுவேட் வந்தால் தீர்ப்பு எதுவும் வேண்டாம், விடை கண்டுபிடித்தால் போதும்: எக்ஸ் 4 என்றால் 3எக்ஸ் + 2 என்பது 14.

இனி வாக்கியத்தில் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். மெஷர், வெய் இரண்டுக்கும் இரட்டை வேலை. ஆள் செய்யும் செயலாக இருந்தால் எல்லாக் காலத்திலும் வரும்: 'ஹி இஸ் வெயிங் த ரைஸ்', அரிசியை நிறுத்துக்கொண்டிருக்கிறார். பொருளின் அளவைச் சொல்லும்போது 'இங்' சேராது, செயப்பாட்டு வினையும் ஆகாது. 'த ரூம் மெஷர்ஸ் 12 ஃபீட் பை 10' சரி. 'த ரூம் இஸ் மெஷர்ட் 12 ஃபீட்' தவறு. 'த பேக் இஸ் வெயிங் 5 கிலோஸ்' என்பதும் தவறு, 'வெய்ஸ்' என்றே வர வேண்டும். தமிழில் பைக்கு 'நிறுக்கிறது' என்று வராது, '5 கிலோ இருக்கிறது' என்போம். அந்த 'இருக்கிறது'தான் ஆங்கிலத்தில் 'இஸ்' ஆகி நுழைந்துவிடுகிறது.

எஸ்டிமேட் வினையாக வந்தால் கடைசி அசை 'மெய்ட்' என்று நீளும். பெயர்ச்சொல்லாக வந்தால் 'மிட்' என்பதுபோல் சுருங்கும். தொகை சொல்ல 'அட்' வேண்டும்: 'த லாஸ் வாஸ் எஸ்டிமேட்டட் அட் 5 லாக்ஸ்'. 'எஸ்டிமேட் அபவுட் த காஸ்ட்', 'அசெஸ் அபவுட் த ப்ராப்ளம்' இரண்டும் தவறு. 'பற்றி' என்று நினைப்பதால் 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த வினைகள் பொருளை நேராக எடுத்துக்கொள்ளும். மேஸ்திரி தரும் எஸ்டிமேட் குத்துமதிப்பு, வேலை நடக்கும்போது மாறலாம். கோட் (கொட்டேஷன்) என்று எழுதிக் கொடுத்தால் அது சொன்ன விலை.

அப்ரைஸ் ஒலியில் அதன் அண்டை வீட்டுக்காரரையும் கவனியுங்கள். மதிப்பிடுவதில் 'ப்ரெய்ஸ்' என்று ஒலிக்கும். 'தகவல் தெரிவி' என்ற மற்றச் சொல்லில் (ஏ, பி, பி, ஆர், ஐ, எஸ், ஈ) 'ப்ரைஸ்', பரிசுக்கான ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள அதே ஒலி. நாம் இரண்டையும் ஒன்றாக உச்சரிப்பதால், மேலதிகாரிக்கு 'நிலவரத்தைத் தெரிவியுங்கள்' என்று எழுத வேண்டிய மெயிலில் 'என்னை மதிப்பிடுங்கள்' என்று போய்விடுகிறது. அலுவலக மெயில்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

கேஜ் தனி ரகம். ஜி, ஏ, யூ, ஜி, ஈ என்று எழுதினாலும் 'யூ' ஒலிக்காது. கூட்டத்தின் மனநிலை, வாடிக்கையாளர் எதிர்வினை என்று நேராக அளக்க முடியாததை அறிகுறிகளால் கண்டுகொள்வது அது. நம் 'நாடி பிடித்துப் பார்' அச்சாகப் பொருந்தும். நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்ப்பது வெய் அப்; ஆளைப் பார்த்ததும் எடை போடுவது சைஸ் அப்.

கேலிபரேட்டை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். தராசில் 1 கிலோ படிக்கல்லை வைத்து, 1.000 காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவது அது. அங்கே சோதனைக்கு உள்ளாவது தராசு. 'அரிசியை கேலிபரேட் செய்தார்' என்று எழுத முடியாது.