அமெரிக்காவின் கார் தொழில் நகரமான டெட்ராய்ட் என்றாலே ஊடகங்கள் ஏன் பாழடைந்த கட்டடங்களையே காட்டுகின்றன?

உடைந்த ஜன்னல்கள் ஒரே பார்வையில் கதை சொல்லிவிடும், அதுதான் முதல் காரணம். 1988-ல் மூடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அமெரிக்க தேசிய ஊடகங்கள் பல வருடங்கள் அந்த நகரத்தின் முகமாகவே காட்டின.

ஆனால் வீழ்ச்சியின் காரணங்கள் கேமராவில் சிக்காது. கார் தொழிற்சாலைகள் 1950-களிலேயே புறநகர்களுக்கும் வெளியூர்களுக்கும் நகரத் தொடங்கிவிட்டன. வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். கறுப்பினத்தவருக்கோ அங்கே வீடு கிடைப்பதும் கடன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. ஆட்களோடு நகரத்தின் வரி வருமானமும் போனது. 1950-ல் சுமார் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-ல் சுமார் 7.1 லட்சம்.

சரி, அந்த ஏழு லட்சம் பேர்? 2013-ல் நகரம் திவால் மனு கொடுத்தபோது கடன் தொகை தலைப்புச் செய்தியானது. ஓய்வூதியம் குறையுமோ என்று பயந்த முன்னாள் நகராட்சி ஊழியர்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். ஆள் நடமாட்டமே இல்லாத ஊர் போலக் காட்டுவது அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்த அதே ரயில் நிலையம் 2024-ல் திறந்ததும் 'மீண்டெழுந்த நகரம்' என்ற கதை வந்தது. அதிலும் நகர மையம்தான் தெரிகிறது, தள்ளியிருக்கும் குடியிருப்புகள் தெரிவதில்லை.